மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்

தவலையை அடுப்பிலிருந்து இறக்கும்போது என் கணவர் பாதியில் நின்றுவிட்டார். ஒரு காதை அவரும் மறு காதை என் தம்பி முரளியும் பிடித்திருந்தார்கள். உள்ளே கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பொங்கல். கீழே வைக்கவும் முடியாமல், தூக்கவும் முடியாமல் சில நொடிகள். "வலது விலாவுக்கு அடியில யாரோ முட்டுக்கொடுத்துண்டு நிக்கறாப்பல இருக்குடா" என்றாராம்.

2003ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. என்னிடம் தாள் இருக்கிறது.

என் கணவருக்குத் திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல். முரளிக்கும் அங்கேதான். நான் வீட்டில் இருப்பவள். தினமும் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை நாலு வரி எழுதிவைப்பேன். கல்யாணமான வருஷத்திலிருந்து வழக்கம். மழை, மின்வெட்டு, குழந்தைக்குப் பல் முளைத்தது, நூலகத்தில் எடுத்த புத்தகம், எல்லாம் இருக்கும். அன்றைய தாளில் அன்றைக்கே எழுத வேண்டும், பிற்பாடு ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. வருஷம் முடிந்ததும் சணல் கயிற்றால் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஈரலில் கட்டி என்று கேள்விப்பட்ட அன்று நான் எங்கள் கிளை நூலகத்துக்குப் போய் மருத்துவப் புத்தகங்களைத் தேடினேன். ஈரலுக்கு ஒதுக்கியிருந்த பக்கங்கள் முழுக்கக் குடியைப் பற்றியே இருந்தன. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது வந்து, நீங்களும் அப்படித் தேடிக்கொண்டிருந்தால் இது உதவலாம்.

முதலில் பார்த்த டாக்டர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் வீணானது. இரண்டாமவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஈரல் வீங்கியிருக்கு. எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்றார்.

டாக்டர் காபியைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவர், "சின்ன வயசுலேர்ந்து. ஒரு நாளைக்கு நாலு தரம்" என்றார்.

அதைச் சரிசெய்வதற்குள் டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். அந்தச் சீட்டு அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்த இடம்வரை எங்களோடு வந்தது. அங்கே சீட்டைப் பார்த்தவர் இவருடைய விபூதியையும் குடுமியையும் ஒரு மாதிரி பார்த்தார். ஈரல் என்றாலே குடிதான் என்கிற அந்தப் பார்வையை நீங்களும் சந்திப்பீர்கள். விளக்கம் சொல்லி மாளாது. நான் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனேன்.

ஸ்கேனில் தெரிந்தது ஒரு பெரிய தேங்காய் அளவு நீர்க்கட்டி. சென்னையில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுபவர். படத்தை விளக்கில் மாட்டி, "இது ஹைடாடிட்" என்றார். (நாய்களின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போய், பெரும்பாலும் ஈரலில் தங்கி, நீர் நிறைந்த பையாக வளர்வது.)

"முட்டையா? நாங்க கோழி முட்டைகூடத் தொடறதில்ல டாக்டர்."

"நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. நீங்க ஆய்ஞ்ச கீரை தொட்டிருக்கும். கறி சாப்பிடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நாய் புழங்கின மண்ணுல விளைஞ்சது, சரியா கழுவாத காய், கை. அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முன்னாடிகூட உள்ள போயிருக்கலாம்."

பத்து வருஷத் தாள்கள் என்னிடம் இருந்தன. அதில் எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்குக் கட்டியைவிட எரிச்சலாக இருந்தது.

படத்தில் பெரிய வட்டத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்கள். "தாய்க் கட்டிக்குள்ள மகள் கட்டிகள்னு சொல்வோம்" என்றார் டாக்டர்.

இவர் என் பக்கம் திரும்பி, "உள்ளேயும் பொண்ணுங்கதானா?" என்றார். எங்களுக்கு இரண்டு பெண்கள். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது ஒட்டாது, இவர் சமைத்ததைச் சாப்பிட்டால் யாருக்கும் வராது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். வெளியே வந்ததும் இவர் சொன்னது வேறு. "புழுன்னு ஒரு வார்த்தை மலைமேல ஏறித்துன்னா, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் என்னை அடுப்பண்டை விட மாட்டா. கட்டின்னு மட்டும் சொல்லு."

அவருக்கு வலியோ உயிரோ பெரிதாகத் தெரியவில்லை. அந்த அடுப்படியில் திரும்பவும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பிறகு செய்த தவறுகளெல்லாம் அந்த ஒரு ஆசையிலிருந்து வந்தவை.

சில வாரங்கள் புழுவைக் கொல்லும் மாத்திரை. பாரம் தூக்கினால் கட்டி உள்ளேயே உடையலாம், உடைந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்ததால் ஆடிக் கிருத்திகைக்கு இவர் கரண்டி மட்டும் பிடித்தார். ஆவணியில் ஆபரேஷன்.

வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை, லாப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை) என்றார் டாக்டர். வயிற்றுக்குள் காற்றடைத்து உப்ப வைப்பார்கள். நாலு துளை. கட்டியைச் சுற்றிக் கடும் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் நீரை ஒரு சொட்டு சிந்தாமல் உறிஞ்சுவார்கள். சிந்தினால் அங்கங்கே புதிதாக முளைக்கும்.

"உப்புத்தண்ணின்னா, படிக்கு எவ்வளவு உப்பு?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"ஊறுகாய்க்குப் போடறதைவிடக் கம்மிதான்" என்று இவர் தலையாட்டினார். அந்த ஆபரேஷனில் இவருக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

"துளை சின்னது. மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர்.

அந்த வாக்கியத்தைத் தாளில் அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

ஊரில் அந்தச் சொல் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் லாப்ராஸ்கோப் என்றால் ஒன்றே ஒன்றுதான், முகாமில் பெண்களுக்குச் செய்யும் கருத்தடை. பக்கத்து வீட்டுக் கோகிலா, அம்மையார்குப்பத்திலிருந்து வந்து தறி போட்டிருப்பவள், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஐயிருக்கு லாப்ராஸ்கோப்பாமே? அதான் உனுக்குப் பண்ணிட்டாங்களே. ரெண்டு பேருக்குமா பண்ணுவாங்க?"

"இது வேற கோகிலா. வயித்துல கட்டி."

"ஆங், ஆங். கட்டிதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீ கவலப்படாத."

இரண்டே நாளில் மலைக்குப் போய்விட்டது. முரளி வந்து, "எல்லாரும் சிரிச்சிண்டிருக்கா பாவா. இந்த வயசுல எதுக்குன்னு கேக்கறா" என்றான்.

இவர் யோசித்தார். "சொல்லிட்டுப் போகட்டும். குடிச்சான், புழு வந்துதுங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்.

எனக்குச் செய்தது 1993இல், சின்னவளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆபரேஷன் நாலரை மணி நேரம். வெளியே வந்த டாக்டர் ஒரு பாட்டிலைக் காட்டினார். உரித்த நுங்குபோல் வழுவழுவென்று இருபது முப்பது மகள் கட்டிகள். "ஒரு சொட்டு சிந்தலை" என்றார். உண்மையிலேயே பெரிய காரியம் செய்திருந்தார். அதை நான் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. விலாவில் வைத்திருந்த குழாயில் ரோஜா நிறத்தில் வந்துகொண்டிருந்த நீர் மஞ்சளாகி, பச்சையாகிவிட்டது. பித்தக் கசிவு என்றார்கள். (வளர்ந்த கட்டி ஈரலின் சிறு பித்தக் குழாய் ஒன்றை அரித்திருந்தால், கட்டியை எடுத்த பள்ளத்துக்குள் பித்தநீர் கசியும்.) இந்த நோயில் இது சகஜம், பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும் என்றார்கள்.

சகஜம் என்றால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னதாகச் சொன்னார்கள். ஒப்புதல் காகிதத்தில் இருந்ததாம். சிறு எழுத்தில், ஆங்கிலத்தில்.

ஒன்பதாம் நாள் குழாயோடும் பையோடும் ரயிலில் திருத்தணிக்கு வந்தோம். பித்தம் சேரும் அந்தப் பையை ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் வைத்து, கல்யாண வீட்டுத் தேங்காய்ப் பைபோல் அவர் மடியில் வைத்துக்கொண்டார். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள், குறைந்ததும் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவள் யார்? காலை எட்டு மணிக்கு, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து எழுதுவேன். பத்தாம் நாள் இருநூற்று அறுபது மில்லி. பதின்மூன்றாம் நாள் இருநூற்று நாற்பது. பதினாறாம் நாள் இருநூறு.

முரளி மடைப்பள்ளியில் இவருடைய முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். களைத்துப்போய் வருவான். "நாலு ஓட்டை ஆபரேஷனுக்கு இத்தனை நாளான்னு கேக்கறா பாவா. நானும் எத்தனை நாள்தான் சமாளிக்கறது?" என்பான்.

"ஓட்டையா அது? உள்ளே ஒரு தேங்காயை எடுத்திருக்காடா" என்று நான் கத்துவேன். சட்டையைப் போட்டுக்கொண்டால் இவர் முழு ஆரோக்கியமாகத் தெரிந்தார். பெரிய தையல் இருந்திருந்தால் மரியாதை இருந்திருக்கும். வெளியே தெரிகிற காயத்துக்குத்தான் ஊர் விடுப்பு கொடுக்கிறது.

பதினேழாம் நாள் கிருத்திகை. அன்று குவளையில் முப்பது மில்லிதான் இருந்தது. மறுநாள் முப்பது. பிறகு இருபத்தைந்து, இருபது, இருபது. டாக்டருக்குப் போன் செய்தேன். "திடீர்னு நிக்கறதும் உண்டு" என்று அவரும் சந்தோஷப்பட்டார். இருபத்தாறாம் நாள் சென்னைக்குப் போனோம். ஸ்கேனில் உள்ளே எதுவும் தேங்கியிருக்கவில்லை. டாக்டர் என் தாள்களைப் புரட்டி, "நர்ஸுங்ககூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. குழாயை எடுத்துவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் குளிர்க் காய்ச்சல். வலது தோளில் கடுமையான வலி. (ஈரலுக்கு மேலே உள்ள உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியுமாம்.) வாடகைக் காரில் மறுபடி சென்னை. ஈரலுக்கு அடியில் பித்தநீர் குளம்போல் தேங்கி, சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

டாக்டர் என் தாள்களைக் கட்டில்மேல் பரப்பினார். "ஒரு நாளைக்கு இருபது மில்லி வந்த இடத்துல ரெண்டே நாள்ல இவ்வளவு எப்படி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கார்த்தால வர்றது அதுல சேரலை" என்றார்.

"எந்தக் கார்த்தால?"

"ஸ்நானத்துக்கு முன்னாடி நான் பையைக் காலி பண்ணிடுவேன் டாக்டர். அந்த அழுக்கை இடுப்புல கட்டிண்டு எப்படி மடி உடுத்தறது? எப்படி ஜபத்துக்கு உக்கார்றது? அவ அளக்கறது அதுக்கப்பறம் வர்றதை."

விடிகாலையில் நான் வாசலில் கோலம் போடும் நேரம் அது. கொல்லையில் கொட்டிவிட்டு, குளித்து, நல்ல மனத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இருபத்திரண்டு மணி நேரப் பித்தம் சாக்கடையில் போய்விட்டது. மிச்ச நேரத்துப் பித்தத்தைத்தான் நான் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன்.

"எந்த நாள்லேர்ந்து?" என்று டாக்டர் கேட்டார்.

அவருக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்தது. பதினேழாம் நாள் தாளைத் திருப்பினேன். என் கையெழுத்தில் இருந்தது: 'கிருத்திகை. இன்றுமுதல் ஜபம் ஆரம்பித்தார். முப்பது மில்லிதான். முருகன் கண் திறந்தான்.'

நான் அங்கேயே கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுதிவைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, "இன்னாம்மா நீ, வயித்த வலிக்கு முனகிகினு இருக்கற மனுசன இப்படிப் புடிச்சிகினு திட்ற? ஊட்டுக்குப் போயி வெச்சிக்க" என்று என்னை வெளியே அனுப்பினாள்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தபோது கோபம் என் பக்கம் திரும்பியது. இருநூறு ஒரே நாளில் முப்பதாகாது. முப்பது என்று எழுதிய கைக்கு அது உறைத்திருக்க வேண்டும். நான் அதைச் சாமி கணக்கில் சேர்த்துவிட்டேன். அவர் அழுக்கு என்று கொட்டியதும் நான் அருள் என்று எழுதியதும் ஒரே தவறுதான்.

உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான்: உங்கள் வீட்டில் குழாய் வைத்திருந்தால், குளிப்பதற்கு முன்பு அளவெடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது கொட்டப்பட்டதா என்று தினமும் வாய்விட்டுக் கேளுங்கள். எண் சட்டென்று நல்லதாக மாறினால் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேனில் பார்த்தபடியே விலாவில் ஊசிபோட்டு இன்னொரு குழாய் வைத்தார்கள். ஐந்தாவது துளை. முப்பத்தோராம் நாள் எண்டோஸ்கோப் வழியாக, வாயிலிருந்து குடலுக்கு இறங்கி, பித்தக்குழாயின் வாயில் ஸ்டென்ட் (பித்தம் குடலுக்குள் எளிதாக இறங்குவதற்கான சிறு பிளாஸ்டிக் குழல்) வைத்தார்கள். போகவேண்டிய வழி சுலபமானால், பித்தம் கசியும் வழியை விட்டுவிடும் என்பது கணக்கு. அப்படியே நடந்தது. நூற்றைம்பது, அறுபது, பத்து, ஒன்றுமில்லை. இந்த முறை தினமும் விடிகாலையில் கொல்லையிலிருந்து குரல் வரும்: "வா, வந்து அளந்துக்கோ. அப்பறம்தான் தண்ணி." மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

நாற்பத்தேழாம் நாள் குழாய் போனது. மார்கழியில் ஸ்டென்டை எடுத்தார்கள். அதன் பிறகும் பாரம் தூக்கக் கூடாது. டிசம்பர் கடைசி நாள் படித் திருவிழாவுக்கு ஊரே பாடிக்கொண்டு மலையேறியபோது இவர் வீட்டில் உட்கார்ந்து, "இந்நேரம் முதல் தவலை இறங்கியிருக்கும்" என்று நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில், நூற்று முப்பத்தெட்டாம் நாள், மடைப்பள்ளிக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கருத்தடை செய்துகொண்டவன் என்று இரண்டு நாள் கேலி, அவ்வளவுதான். முதல் தவலையை முரளி தனியாளாக இறக்கப் பார்த்திருக்கிறான். இவர் விடவில்லை, மறு காதைப் பிடித்துக்கொண்டார். "தூக்கறதுக்கு முன்னாடி மூச்சை எங்க நிறுத்தணும்னு இப்ப யோசிக்க வேண்டியிருக்கு. முன்னல்லாம் உடம்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது" என்று வந்து சொன்னார்.

அன்று மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டுத் தழும்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து. தொப்புளுக்குக் கீழே இருந்ததைத் தொட்டபடியே கேட்டார். "உனக்கும் இங்கதானே போட்டா?"

"ஆமாம்."

"வலிச்சுதா?"

பத்து வருஷத்தில் முதல்தடவையாகக் கேட்கிறார்.

"எந்த நாள் அது? உன்கிட்ட இருக்குமே."

எல்லாவற்றுக்கும் நாள் சொல்லும் எனக்கு அது வரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து 1993ஆம் வருஷக் கட்டை அவிழ்த்தோம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினோம். ஆபரேஷன் என்ற சொல்லே எங்கும் இல்லை. சின்னவளுக்கு மூன்று மாதம் முடிந்த அந்த வாரத்தில் ஒரு தாள் மட்டும் இருந்தது. 'காலையில் வேனில் போய் வந்தேன். சாயங்காலம் ரசம் வைத்தேன்.'

முகாமுக்குக் கூட்டிப்போன வேன். எங்கள் வீட்டுக்கு வேறு எந்த வேனும் வந்ததில்லை.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "ரசமா?" என்றார்.

"நீங்கதான் கேட்டேள். சின்ன ஓட்டைதானேன்னேள்."

அவர் தாளைத் திருப்பி முன்பக்கத்து நட்சத்திரம், திதி எல்லாவற்றையும் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்குமோ என்பதுபோல. பிறகு என்னிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு நாட்கள் முன்போல் அடுக்காக நிற்பதில்லை. கீழே போட்டுக் கட்டியது திடீரென்று மேலே வருகிறது. மழைக்கு முன்னால் என் தொப்புளுக்குக் கீழே லேசாக இழுக்கும். அது வாயு என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கை வைத்துப் பார்க்கிறேன். ஒரு கடுகு அளவு மேடு இருக்கிறது.

அன்று அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன். பழைய நீல மை வெளுத்திருந்தது. அதற்குக் கீழே, என் விதியை மீறி, புது மையில் ஒரு சொல் சேர்த்தேன்.

வலித்தது.